நடுக்கதவைத் தாண்டி மூன்றாவது வரிசை

தரை அழகாகத்தான் இருந்தது. முன்னறையின் சுவரோரம் கிளம்பிய தேன் நிறப் பலகைகள் குறுக்கு வரிசைகளாக நடுக்கதவைத் தாண்டி, அடுத்த அறையின் கடைசிச் சுவர்வரை ஒரே ஓட்டமாக ஓடின. இரண்டு அறைக்கும் ஒரே மரம், ஒரே திசை. புதுத் தரையில் கால் வைக்கவே மனசு வராது.

வக்கீலம்மா செருப்பை வெளியே விட்டுவிட்டுக் கால் வைத்தாள். பின்னாலேயே செக்கர் வந்து நின்று மூக்கைச் சுருக்கினார்.

"மேடம், எனக்குத் தும்மல் வருது."

"அடக்குங்க."

"அடக்கினா காது வழியா வரும்."

அடக்கத்தான் பார்த்தார். முடியவில்லை. இரண்டு அறையும் அதிர ஒரு தும்மல் போட்டார்.

"தூசியா?" என்று பதறினார் வீட்டுக்கார டான்ஸ் டீச்சர். அறுபது வயது. முழங்காலில் கட்டு. "காலையிலதானே துடைச்சேன்."

"தூசி இல்லீங்க, வார்னிஷ். புது வார்னிஷ் எனக்கு ஆகாது. எங்க வீட்டுக் கதவுக்கு அடிச்சப்போ ஒரு வாரம் மாமியார் வீட்டுல போய் இருந்தேன். ரெண்டுல எது பெரிய கஷ்டம்னு இன்னும் முடிவாகல."

டீச்சர் சிரிக்கவில்லை. வக்கீலம்மாவும் சிரிக்கவில்லை. 'புது' என்ற ஒரு வார்த்தையை மட்டும் எடுத்து மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

வக்கீலம்மா வக்கீலுக்குப் படித்தவள் இல்லை. ஒரு வக்கீல் ஆபீசில் இருபத்திரண்டு வருஷம் டைப் அடித்தவள். ஊரார் கையெழுத்தைப் படித்துப் படித்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டவள். அந்த வக்கீல் கண்ணை மூடிய பிறகு, ஜெராக்ஸ் கடை மாடியில் ஓர் அறை பிடித்து, காணாமல் போனவர்களைத் தேடித் தரும் தொழிலைத் தொடங்கினாள். தெரு அவளுக்கு வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. செக்கர் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் பொய் சொல்லும் முகங்களோடு குப்பை கொட்டியவர் வீட்டில் சும்மா உட்கார முடியாமல் இவளோடு வந்து சேர்ந்துவிட்டார்.

இத்தனை வருஷத்தில் வக்கீலம்மா கற்றுக்கொண்டது ஒன்றுதான். தேடுவது நம் கையில் இருக்கிறது. கிடைப்பது நம் கையில் இல்லை. போன மாதம் தேடிய பெரியவர் சவக்கிடங்கில் கிடைத்தார். அதற்கு முந்தைய மாதம் தேடிய பெண் கிடைத்தாள், 'என்னைக் கண்டுபிடித்ததாகச் சொல்லாதீர்கள்' என்று காலில் விழுந்தாள். இன்று காலையில் இன்னொருத்தி வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

வந்தவளுக்கு முப்பத்தெட்டு வயது இருக்கும். காணாமல் போனது அவளுடைய அண்ணன். மரத்தரை போடும் தச்சர். டீச்சர் வீட்டில்தான் கடைசியாக வேலை செய்தார். இரண்டு அறைக்கும் தரை, ஒரு வாரத்து வேலை. அங்கேயே தங்கிச் செய்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். நாலாம் நாள் ராத்திரி போன் வரவில்லை. அதற்கும் மூன்று நாள் கழித்து ஒரு மெசேஜ் வந்தது. தங்கை போனை எடுத்து நீட்டியிருந்தாள்.

'வேலை முடிந்தது. வேறு ஊரில் பெரிய வேலை. மூன்று மாதம் ஆகும். நீ உன் வேலைக்குக் கிளம்பு. எனக்காகக் காத்திருக்காதே.'

"இதைப் போலீஸ்ல காட்டினேம்மா" என்றாள் தங்கை. "'இது காணாமப் போன கேஸ் இல்ல, சொல்லிட்டுப் போன கேஸ்'னு திருப்பி அனுப்பிட்டாங்க. எங்கண்ணன் மெசேஜ் அடிக்கவே மாட்டார். 'எழுத்துக் கூட்டற நேரத்துல ஒரு பலகை போட்டுடுவேன்'ம்பார். எதுன்னாலும் போன்தான். இப்ப அந்த போனும் அணைஞ்சு கிடக்கு."

"நீ எங்க கிளம்பணும்?"

"வெளியூர்ல தையல் பயிற்சி மையத்துல டீச்சர் வேலை கிடைச்சிருக்கு. வர்ற திங்கட்கிழமை சேரணும். அம்மா ஒம்பது வருஷம் படுத்த படுக்கைம்மா. வலப்பக்கம் அப்படியே விழுந்துடுச்சு. நான்தான் பார்த்துக்கிட்டேன். போன வருஷம் போயிட்டாங்க. இப்பதான் எனக்குன்னு ஒண்ணு..." முடிக்காமல் நிறுத்தினாள். "அண்ணன் எங்கேன்னு தெரியாம நான் எப்படிம்மா ரயில் ஏறுவேன்?"

கூடவே வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். எதிர்ச்சாரி பஸ் நிறுத்தத்து நிழற்குடையில் உட்கார வைத்துவிட்டுத்தான் இவர்கள் இருவரும் உள்ளே வந்திருந்தார்கள். மணி மூன்றரை.

"தச்சர் எப்ப வேலையை முடிச்சார்?" என்றாள் வக்கீலம்மா.

"மூணு வாரம் ஆச்சு. முடிச்சார், கிளம்பிட்டார். எங்கேன்னு சொல்லல." டீச்சர் மனப்பாடச் செய்யுள் போல ஒப்பித்தார்.

"ஆள் எப்படி?"

"தங்கமான மனுஷன்." இது மட்டும் ஒப்பித்ததாக இல்லை.

செக்கர் வக்கீலம்மாவின் காதருகே குனிந்தார். "டிக்கெட் இல்லாதவன் ஜன்னலைத்தான் பாப்பான் மேடம். இந்தம்மா இதுவரைக்கும் பதினோரு தடவை பாத்துட்டாங்க."

"எண்ணினீங்களா?"

"வேற என்ன வேலை எனக்கு? நீங்க தரையைப் பாக்கறீங்க, நான் தலையைப் பாக்கறேன்."

வக்கீலம்மா முன்னறையை மெல்ல நடந்து பார்த்தாள். பிறகு கைக்குட்டையை விரித்துக் குந்தினாள். வார்னிஷ் கல்லாக இறுகியிருந்தது. விரலால் தேய்த்தால் வழுக்கியது. நடுக்கதவைத் தாண்டிப் போய், கதவுக்குப் பின்னால், காற்றுப் படாத மூலையில் கட்டை விரலை அழுத்தினாள். விரல் ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது 'டக்' என்றது. ரேகை அச்சாக விழுந்திருந்தது.

"டீச்சர், இந்த அறையில வார்னிஷ் அடிச்சு ரெண்டு நாள்கூட ஆகல."

"அது... ஈரக் காத்து. காயவே மாட்டேங்குது."

"நடுவுல கதவுதானே இருக்கு? ஈரக் காத்து அந்த அறைக்கு வராதா?"

டீச்சர் பன்னிரண்டாவது தடவையாக ஜன்னலைப் பார்த்தார்.

வக்கீலம்மா தரையோடு தரையாகக் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். மரத்தரையில் ஒவ்வொரு பலகைக்கும் ஓரத்தில் நாக்கு மாதிரி ஒரு விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கும். அது அடுத்த பலகையின் ஓரத்துக் காடிப் பள்ளத்துக்குள் போய் உட்கார வேண்டும். கொட்டாப்புளி என்னும் மரச்சுத்தியலால் தட்டித் தட்டி இறுக்கி, நாக்கில் சாய்வாக ஆணி அடிப்பார்கள். அடுத்த பலகை வந்து மூடியதும் ஆணி கண்ணில் படாது. தெரிந்தவன் அடித்தால் அடித்த சுவடே இருக்காது. முன்னறையில் இல்லை. நடுக்கதவின் அடியிலும் இல்லை. அதைத் தாண்டி முதல் வரிசை, இரண்டாவது வரிசை, அதிலும் இல்லை.

மூன்றாவது வரிசையில் ஆரம்பித்தது. பலகையின் ஓரமெல்லாம் பிறை பிறையாகச் சுத்தியல் வடு. பட்டி வைத்து மூடி, தேய்த்து, மேலே வார்னிஷ் அடித்திருந்தார்கள். சாய்வெளிச்சத்தில் ஒவ்வொன்றும் பல்லைக் காட்டியது.

செக்கரும் முட்டி போட்டுப் பார்த்தார். "அம்மை வந்து போன முகம் மாதிரி இருக்கே. அந்தப் பக்கம் மாப்பிள்ளை, இந்தப் பக்கம் மாமனார்."

"வரிசையைப் பாருங்க."

"நூல் பிடிச்ச மாதிரி இருக்கு."

"அதான் குழப்புது. கண்ணு தேர்ந்த ஆளோடது. கை கத்துக்குட்டியோடது." வக்கீலம்மா எழுந்தாள். "டீச்சர், இது ரெண்டு பேர் போட்ட தரை. தச்சர் இந்த மூணாவது வரிசைக்கு வந்ததும் நிறுத்திட்டார். அப்புறம் யார் போட்டது?"

"அவரேதான் போட்டார்." டீச்சர் முழங்கால் கட்டை இழுத்து விட்டுக்கொண்டார்.

"பலகைக்கெல்லாம் நாக்கு இருக்கு, டீச்சருக்குத்தான் இல்ல" என்று முணுமுணுத்தார் செக்கர். அப்புறம் குரலை உயர்த்தி, "கொஞ்சம் தண்ணி கிடைக்குமாங்க? நீங்க முட்டியோட சிரமப்படாதீங்க, நானே போய் எடுத்துக்கறேன்" என்று பதிலுக்குக் காத்திராமல் அடுக்களைப் பக்கம் நடந்தார்.

"வேண்டாம், நானே..." டீச்சர் எழுந்தார். கட்டுப் போட்ட கால் ஒத்துழைக்கவில்லை. அதற்குள் கொல்லைக் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டுவிட்டது.

நாற்காலியின் கைப்பிடியை டீச்சர் பற்றியபோதுதான் வக்கீலம்மா அந்த நகத்தைப் பார்த்தாள். இடது கட்டை விரல் நகம் கன்றிக் கறுத்துப் போயிருந்தது. பக்கத்து விரலில் பாதி ஆறிய காயம்.

"அடி பட்டிருக்கே?"

"ஜன்னல் சாத்தும்போது நசுங்கிடுச்சு."

"பாவம், எல்லாப் பழியும் அந்த ஜன்னலுக்கே."

செக்கர் ஒரு சாக்குமூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பி வந்தார். முகத்தில் வழக்கமான விளையாட்டு இல்லை. மூட்டையை இறக்கிவிட்டு வக்கீலம்மாவை ஓரமாக அழைத்தார்.

"வெட்டுத்துண்டுங்க, கொல்லையில கிடந்துது. இன்னும் ரெண்டு விஷயம். தனியா இருக்கற டீச்சர் வீட்டுல ரெண்டு தட்டு காயுது. கொடியில ஆம்பளைச் சட்டை ஒண்ணு காயுது. அதுல பட்டனெல்லாம் பிச்சுட்டு, அழுத்தினா ஒட்டிக்கற பட்டை வச்சுத் தைச்சிருக்கு. பட்டன் போடக்கூட வணங்காத சோம்பேறி எவனோ இங்க இருக்கான்." குரலை இன்னும் தாழ்த்தினார். "தச்சர் மூணாவது வரிசையில நிக்கறார், வேற எவனோ மிச்சத்தை மூடறான், மேல வார்னிஷ். மேடம், அந்தத் தரைக்கு அடியில..."

செக்கர் பாதியில் நிறுத்திய வாக்கியங்கள் குறைவு.

வக்கீலம்மாவுக்கு நிழற்குடையில் உட்கார்ந்திருப்பவள் நினைவுக்கு வந்தாள். அவளிடம் போய் என்னவென்று சொல்வது? நாலு பலகையைப் பெயர்க்க வேண்டும், பக்கத்தில் நிற்காதே என்றா? எல்லாம் முடிந்துபோன இடத்துக்குத்தான் எப்போதும் வந்து சேர்கிறோம் என்று தோன்றியது.

டீச்சருக்கு முன்னால் போய் நின்றாள். "அந்தத் தங்கச்சி எதிர்ல பஸ் ஸ்டாப்புல உக்காந்திருக்கா. ரெண்டு வாரமா அவ சாப்பிட்டதா தெரியல. இப்பவாவது சொல்லுங்க. அவர் இருக்காரா, இல்லையா?"

டீச்சர் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். "நான் ஒரு பாவமும் பண்ணல. ஆனா வாக்குக் குடுத்துட்டேன். என்னைக் கேக்காதீங்க, தயவுசெஞ்சு கேக்காதீங்க."

வேறு வழி தெரியாமல் வக்கீலம்மா சாக்கைத் தரையில் கவிழ்த்தாள். அடியில் கிடந்த துண்டுகளில் தூசி படிந்திருந்தது; முன்னறையில் வெட்டியவை. மேலே கிடந்தவை புதுசு. ஒவ்வொன்றிலும் பென்சிலால் அளவு எழுதியிருந்தது. பழைய துண்டுகளில் எண்கள் அச்சுக் கோத்த மாதிரி இருந்தன. புதுத் துண்டுகளில் எண்கள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியதுபோல் கோணிக்கொண்டு நின்றன. போதாக்குறைக்கு ஈஷிக்கொண்டும் இருந்தன.

"வேற ஆள்தான்" என்றார் செக்கர். "இவன் பள்ளிக்கூடத்துக்கு மழைக்குக்கூட ஒதுங்காதவன்."

வக்கீலம்மா ஒரு பழைய துண்டையும் ஒரு புதுத் துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அப்புறம் இன்னொரு ஜோடி. அப்புறம் இன்னொன்று. கை நின்றது.

"செக்கர், ஏழு எப்படிப் போடுவீங்க?"

"ஏழு மாதிரிதான்."

"இவர் ஏழுக்கு நடுவுல குறுக்கா ஒரு சின்னக் கோடு போடறார், ஒண்ணுன்னு யாரும் தப்பாப் படிச்சுடக் கூடாதுன்னு. இந்தப் பழைய துண்டைப் பாருங்க. இப்ப இந்தப் புதுசைப் பாருங்க."

செக்கர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். கோணல் ஏழுக்கு நடுவிலும் கோணலாக ஒரு கோடு இருந்தது.

"கை மாறிடுச்சு, பழக்கம் மாறல. ஏன் எல்லாமே ஈஷிக்கிட்டிருக்கு? இடது கையால எழுதினா, எழுத எழுத உள்ளங்கை எழுதினது மேலேயே இழுத்துக்கிட்டுப் போகும்." வக்கீலம்மாவின் குரல் இறங்கிக்கொண்டே போனது. "ஆணி அடிக்க எத்தனை கை வேணும் செக்கர்?"

"ரெண்டு. ஒண்ணு பிடிக்க, ஒண்ணு அடிக்க. அடி தப்பினா ஊதிக்க ஒரு வாய்."

"ஒரு கைதான் இருக்குன்னா?"

செக்கர் வாயைத் திறந்தார். டீச்சரின் கறுத்த நகத்தைப் பார்த்தார். அப்படியே மூடிக்கொண்டார்.

"ஆணியை நீங்க பிடிச்சீங்க, அவர் இடது கையால அடிச்சார். இல்லையா டீச்சர்? போன் பண்ணாம மெசேஜ் அனுப்பினது ஏன்? பேசினா நாக்குக் குழறும், தங்கச்சி ஒரே வார்த்தையில கண்டுபிடிச்சுடுவா. அந்தச் சட்டை சோம்பேறியோட சட்டை இல்ல. இந்தத் தரையை ரெண்டு பேர் போடல. ஒரே ஆள்தான். மூணாவது வரிசையில அவருக்கு வலது கை போயிடுச்சு."

அடுக்களைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, உமிழ்நீரில் ஊறின மாதிரி வந்தன.

"டீச்சர்... விடுங்க. போதும்."

சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார் தச்சர். நாற்பத்தைந்து வயது, நல்ல உயரம், நல்ல தோள். வலது கை மட்டும் வேறு யாருடையதோ போலத் தொங்கியது. வாயின் ஒரு ஓரம் சற்றே சரிந்திருந்தது. மடக்கு நாற்காலி ஒன்றை டீச்சர் இழுத்துப் போட்டார். உட்காருவதற்கே அவருக்கு ஒரு நிமிஷம் பிடித்தது.

நடந்ததை டீச்சர்தான் சொன்னார். "கொட்டாப்புளி விழற சத்தம் கேட்டு ஓடி வந்தேன். அந்த மூணாவது வரிசை மேலேயே கிடந்தார். ஆஸ்பத்திரியில ஒரு வாரம். டாக்டர் இன்னும் இருக்கச் சொன்னார், இவர் கேக்கல. மாத்திரையை வாங்கிட்டு நேரா இங்கேயே வந்துட்டார். 'பாதியில விட்டா நான் செத்தேன்னு அர்த்தம்'னார். ஒரு நாளைக்கு ரெண்டு வரிசை, மூணு வரிசை. பலகையை நான் எடுத்துக் குடுப்பேன், ஆணியை நான் பிடிப்பேன். எத்தனை அடி என் விரல்ல விழுந்துதுன்னு அவருக்குத் தெரியாது. கத்தினா நிறுத்திடுவார்னு பல்லைக் கடிச்சுக்கிட்டேன். தங்கச்சி ரயிலேறிப் போய் திங்கட்கிழமை வேலையில சேர்ற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என் கையைப் பிடிச்சுக் கேட்டார்."

"ஏன்?" என்று கேட்டாள் வக்கீலம்மா. கேட்கும்போதே அவளுக்குப் பாதி புரிந்துதான் இருந்தது.

தச்சர் மெதுவாகப் பேசினார். ஒவ்வொரு சொல்லையும் காடிக்குள் பலகையை உட்கார வைப்பதுபோல் பார்த்துப் பார்த்து வைத்தார்.

"அம்மா போன அன்னைக்கு மறுநாள்... அந்தப் போர்வையை எல்லாம் துவைச்சுப் போட்டா. அப்பச் சொன்னா. 'இன்னொரு தடவை என்னால ஆகாதுண்ணா. யாருக்காகவும் ஆகாது. நீயே படுத்தாலும் ஆகாது'ன்னா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா." மூச்சு வாங்கினார். "ஆனா பொய் சொல்லல. எனக்குத் தெரியும். அம்மாவைத் தூக்கித் தூக்கி அவ இடுப்பே போயிடுச்சு. அவளைப் பொண்ணு பார்க்க வந்தவங்க அந்தக் கட்டிலைப் பார்த்துட்டு அப்படியே திரும்பிப் போனாங்க. ரெண்டு தடவை. இப்ப அவளுக்குன்னு ஒரு வேலை, ஒரு ஊர். நான் இங்க எப்படியோ இருந்துப்பேன். டீச்சர் பின்னறையைக் குடுத்திருக்காங்க. நாலு நாள்தாம்மா. அவ போயிட்டா அப்புறம் நானே சொல்லிடறேன். இன்னைக்கு மட்டும்... காணோம்னு சொல்லிடுங்க."

"காணோம்னு சொன்னா அவ ரயில் ஏற மாட்டா. இங்கேயே தேடிக்கிட்டுத் தெருத்தெருவா சுத்துவா."

"அப்ப, போயிட்டேன்னு சொல்லுங்க. தூரமா. நல்லா இருக்கேன்னு."

"பார்த்தீங்களான்னு கேப்பாளே."

தச்சர் இடது கையால் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அது நழுவியது. மறுபடி எடுத்து வைத்தார்.

வக்கீலம்மா செக்கரைப் பார்த்தாள். செக்கர் ஜன்னலைப் பார்த்தார். சொன்னால் அந்தப் பெண்ணைத் திரும்பவும் ஒரு கட்டில்காலில் கட்டிப்போட வேண்டும். சொல்லாவிட்டால் செத்தாரோ பிழைத்தாரோ என்று அவள் தினம் தினம் சாக வேண்டும். எந்தச் சட்டப் புத்தகத்தில் இதற்கு விடை இருக்கிறது?

"என்கிட்ட வந்தது அவ" என்றாள் கடைசியில். "உங்ககிட்ட நான் எந்த வாக்கும் குடுக்கல. என்னை மன்னிச்சிடுங்க."

தச்சர் கண்ணை மூடிக்கொண்டார்.

வெளியே வெயில் இறங்கியிருந்தது. சாலையைக் கடப்பதற்குள் மூன்று விதமாகப் பேச்சை ஆரம்பித்துப் பார்த்தாள் வக்கீலம்மா. எதுவும் தேறவில்லை. நிழற்குடையில் தங்கை எழுந்து நின்றாள்.

"உயிரோட இருக்காரும்மா" என்றாள் வக்கீலம்மா. "உள்ளதான் இருக்கார்."

தங்கையின் முகத்தில் ஒரு கணம் விளக்கேற்றிய மாதிரி இருந்தது. ஒரே கணம்தான். "அப்ப ஏன் அவர் வரல? ஏன் நீங்க வர்றீங்க?"

தங்கையின் பார்வை வக்கீலம்மாவின் முகத்திலிருந்து இறங்கி, கையில் போய் நின்றது. அப்போதுதான் வக்கீலம்மா கவனித்தாள். தன்னையறியாமல் இடது கையால் தன் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வலப்பக்கமா?" என்று கேட்டாள் தங்கை.

இத்தனை வருஷமாக ஊரைத் துப்பறிந்தவளை ஒரே பார்வையில் துப்பறிந்துவிட்டாள் அவள்.

"ஆமாம்மா."

"பேச்சு?"

"வருது. கொஞ்சம் குழறுது."

"தண்ணி குடிச்சாப் புரையேறுதா?"

"அது... தெரியல."

"அதைத்தான் முதல்ல பார்க்கணும்" என்று சொல்லிவிட்டுத் தங்கை உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழவில்லை. கைகள் இரண்டும் மடியில் மல்லாந்து கிடந்தன. பக்கத்தில் வக்கீலம்மாவும் உட்கார்ந்தாள். தோளைத் தொடலாமா என்று நினைத்தாள், தொடவில்லை. பின்னாலேயே வந்திருந்த செக்கர் நிழற்குடைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றாள் தங்கை, யாரையும் பார்க்காமல். "அதைத்தானே மனசுல வச்சுக்கிட்டிருக்கார்? விளையாட்டுக்குச் சொன்னேன்னு சொல்லலாம். ஆனா விளையாட்டுக்குச் சொல்லலம்மா. நெஜமாத்தான் சொன்னேன். இப்பவும் நெஜந்தான். என்னால முடியாது."

ஒரு பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. அவள் தலையைத் தூக்கி அந்தப் படியையே பார்த்தாள். ஏறிவிடுவாள் என்று வக்கீலம்மாவுக்குத் தோன்றியது. ஏறினால் தடுக்கக் கூடாது என்றும் தோன்றியது. டிரைவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

பஸ் விலகியதும் எதிர் வீட்டு வாசல் தெரிந்தது. தச்சர் யாரும் பிடிக்காமல், தனியாக, முன்னறையைக் கடந்து வந்துகொண்டிருந்தார். புதுத் தரையில் வலது பாதம் பெருக்குமாறு போல இழுபட்டது. 'சர்ர்' என்ற அந்தச் சத்தம் சாலைக்கு இந்தப் பக்கம்கூடக் கேட்பதுபோல் இருந்தது.

தங்கை எழுந்தாள். இரண்டு பக்கமும் பார்க்காமல் சாலையில் இறங்கினாள். செக்கர் ஓடிப்போய் ஒரு சைக்கிளைக் கை காட்டி நிறுத்தினார். வாசலில் அவள் அழவில்லை, அண்ணனைக் கட்டிக்கொள்ளவும் இல்லை. அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை ஒரு அதட்டல்.

"காலை இழுக்காத. தூக்கி வை. குதிகால் முதல்ல."

ஒன்பது வருஷம் பழகின குரல் அது. அதைக் கேட்டதும் அண்ணன் தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தார். தங்கை அவருடைய வலது பக்கமாகப் போய், செத்த கையைத் தூக்கித் தன் தோள்மேல் போட்டு, இடுப்பைச் சுற்றிப் பிடித்தாள். எங்கே பிடிக்க வேண்டும், எவ்வளவு பாரத்தைத் தான் வாங்க வேண்டும் என்று அவள் உடம்புக்கே தெரிந்திருந்தது.

"திங்கட்கிழமை..." என்று ஆரம்பித்தாள் வக்கீலம்மா.

"அதை மட்டும் இப்பக் கேக்காதீங்கம்மா."

டீச்சர் ஒதுங்கி வழி விட்டார். இருவரும் உள்ளே நடந்தார்கள். ஒரு அடி, ஒரு நிறுத்தம். மறுபடி ஒரு அடி. அந்த இரண்டு அறைகளைக் கடக்க அவர்களுக்கு வெகு நேரம் பிடித்தது. வக்கீலம்மா வாசற்படியிலேயே நின்றாள். உள்ளே போய்ச் செய்ய அவளுக்கு ஒரு வேலையும் இல்லை. திரும்பிப் போகக் காலும் வரவில்லை.